மைக் சார் வாயைக் கட்டிய வருஷம்

மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு வாத்தியாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பள்ளிக்கூடம் முழுக்க அவர் மைக் சார். காரணம் கேட்கவே வேண்டாம். அவர் முதல் மாடியில் ஏழாம் வாய்ப்பாடு சொன்னால், கீழே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூடவே சொல்லும். எதிர்ச் சாரியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், தன் மகனுக்கு வீட்டுப்பாடம் என்ன என்று பையன் திரும்பி வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருப்பார். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான். பாடம் நடத்துவது என்றால் பேசுவது, நன்றாக நடத்துவது என்றால் நிறையப் பேசுவது. அவருக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான், அதில் அவருக்கு லேசான கர்வமும் உண்டு.

இருபத்து மூன்றாவது வருஷம் தொண்டை கையை விரித்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை "பிள்ளைகளா" என்று வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. வெந்நீர் குடித்தார், கொப்பளித்தார், ஒரு வாரம் பார்த்தார். பிறகு தொண்டை டாக்டரிடம் போனார்.

"மண்வெட்டி பிடிக்கிறவங்களுக்குக் கையில காய்ப்பு வருமில்ல? உங்களுக்குக் குரல் நாண்ல வந்திருக்கு" என்றார் டாக்டர். "ஒரு நாளைக்கு மொத்தமா ஒரு மணி நேரம் பேசலாம். அதுவும் மெதுவா. கத்தினீங்க, நிரந்தரமாப் போயிடும்."

"டாக்டர், நான் வாத்தியாரு."

"அதனாலதான் வந்திருக்கு."

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஆனால் பெற்றோர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை, சாக்பீஸ், நோட்டு, உடைந்த பெஞ்சு இவற்றையெல்லாம் எண்ணி வைக்கிற வேலை, பேச வேண்டியதே இல்லை என்றார். மைக் சாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. வகுப்பில்லாத வாத்தியாராக உடைந்த பெஞ்சுகளோடு உட்காருவதா? ஒரே ஒரு பருவம் கொடுங்கள் என்று காகிதத்தில் எழுதி நீட்டினார்.

அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு மடித்து மேஜை மேல் வைத்தார்.

"சரி சார். இந்தப் பருவக் கடைசியில கல்வி அதிகாரி வர்றாரு. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியா வாசிக்கச் சொல்லுவாரு, கணக்குப் போடச் சொல்லுவாரு. உங்க வகுப்புல முப்பத்தோரு பேர். ஒரு பிள்ளைகூட வாசிக்காம நிக்கக் கூடாது. நின்னா, நீங்க ஸ்டோருக்குப் போறீங்க, பிள்ளைங்களை மத்தப் பிரிவுக்குப் பிரிச்சு விட்டுடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

வருத்தப்பட நேரம் எங்கே இருந்தது? ஒரு மணி நேரப் பேச்சை வைத்துக்கொண்டு முப்பத்தோரு பிள்ளைகளை ஒரு நாள் முழுக்க எப்படி மேய்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னது அவருடைய மனைவி. அந்த அம்மாள் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். இருபத்தாறு மெஷின், இருபத்தாறு பேர், எல்லா மெஷினும் ஓடுகிற இரைச்சல்.

"ஏங்க, என் பட்டறையில நான் பேசினா எவ காதுல விழும்? காலையில எல்லாரையும் நிக்க வச்சு ஒரு காலர் தச்சுக் காட்டுவேன். பத்து நிமிஷம். அப்புறம் அவங்கவங்க மெஷினுக்குப் போயிடுவாங்க. நான் ஒவ்வொருத்தி பின்னாடியும் போய் நின்னு பார்ப்பேன். என்ன தப்புன்னு பாத்து ஒண்ணே ஒண்ணு சொல்லுவேன். மூணு தப்பு இருந்தாலும் ஒண்ணுதான் சொல்லுவேன், மூணு சொன்னா மூணையும் கோட்டை விட்டுடுவாங்க. சாயங்காலம் நல்லா தச்சதைத் தூக்கிக் காட்டுவேன். இவ்ளோதான். இதுல எங்க கத்த வேண்டியிருக்கு?"

"சட்டை தைக்கிறதும் படிக்கிறதும் ஒண்ணா?" என்றார் மைக் சார் கம்மிய குரலில்.

"உங்க வகுப்புல சட்டை தைக்கிறதே நீங்கதானே. பிள்ளைங்க வேடிக்கைதானே பாக்குது?"

இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தை ஒரே வாக்கியத்தில் கிழித்துத் தொங்கப் போட்டுவிட்டாள். அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை பட்டறைக்குப் போய் ஒரு ஓரமாக நின்று பார்த்தார். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவள் ஒரு மெஷினுக்கு அரை நிமிஷம் குனிவாள், ஒரு வார்த்தை சொல்வாள், நகர்வாள். அவள் போன பிறகும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். மைக் சார் திரும்பினால் அவர் வகுப்பில் என்ன ஓடும் என்பது அவருக்குத் தெரியாததா என்ன?

திங்கட்கிழமை பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினார். நாலு நாலு பேராக மேஜையைச் சேர்த்தார். பலகைக்கு முன்னால் பெரிய பாயை விரித்தார். பீரோவில் பூட்டிக் கிடந்த கதைப் புத்தகங்களைத் தூசி தட்டி, எளிது, கொஞ்சம் கஷ்டம், கஷ்டம் என்று அட்டைப்பெட்டிகளில் போட்டு வைத்தார். மனைவி பட்டறையிலிருந்து வீணாய்ப் போன பொத்தான்களை ஒரு டப்பா நிறையக் கொடுத்து அனுப்பினாள், கணக்குக்கு எண்ணிப் பார்க்க. முறை இதுதான்: பாயில் பத்து நிமிஷம் ஒரே ஒரு விஷயம் அவர் செய்து காட்டுவார். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு ஏற்ற புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் வாசிக்க வேண்டும். அவர் ஒரு நோட்டோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். கடைசியில் மறுபடி பாய், இன்றைக்கு என்ன கண்டுபிடித்தாய் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். கணக்குக்கும் அதே. ஒரு கணக்கு, இரண்டிரண்டு பேர் ஜோடி, விடை சொன்னால் போதாது, எப்படி வந்தது என்று காட்ட வேண்டும்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. முதல் வாரம் சந்தைக்கடை தோற்றது. பொத்தான்கள் மூக்குக்குள் போயின. "சார் இது என்ன", "சார் இவன் தள்றான்" என்று அவர் பின்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. பத்து நிமிஷத்தில் முடிக்க வேண்டிய பேச்சு முப்பத்தைந்து நிமிஷம் போனது, பழக்க தோஷம். புதன்கிழமை குரல் சுத்தமாக நின்றுவிட்டது. பக்கத்து 'அ' பிரிவு ஆசிரியை கதவில் எட்டிப் பார்த்து, "என்ன சார், கல்யாண வீடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு சட்டம் போட்டார். சாரைக் கேட்பதற்கு முன்னால் மூன்று பேரைக் கேட்க வேண்டும். சார் பத்து நிமிஷத்துக்கு மேல் பேசினால் அவரை நிறுத்த வேண்டும். நிறுத்துகிற வேலையை வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவளுக்குக் கொடுத்தார். வாயாடி என்று பெயரெடுத்த அந்தச் சிறுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பெரிய முள் இரண்டு எண் தாண்டியதும் கையைத் தூக்கி, "சார், போதும்!" என்பாள். ஊரே அவளிடம் சொன்ன வார்த்தையை அவள் ஒரு வாத்தியாரிடம் சொல்கிறாள், அந்தக் குஷி இருக்கிறதே!

மூன்றாம் வாரம் ஒரு நாள் வகுப்பில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது அவருக்கு. நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தோரு தலையும் குனிந்திருந்தது. பக்கம் புரளுகிற சத்தம் மட்டும். இவ்வளவு நாள் பிள்ளைகளுக்கு வாசிக்க நேரமே கொடுக்காமல் நாம் பேசியே கொன்றிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கணக்கில் இன்னும் தமாஷ். நாற்பத்தாறையும் முப்பத்தெட்டையும் கூட்டச் சொன்னால் ஒரு பையன், "முப்பத்தெட்டை நாப்பதுன்னு வச்சுக்கிட்டேன் சார், எம்பத்தாறு, கடனா வாங்கின ரெண்டைத் திருப்பிக் கொடுத்தேன், எம்பத்து நாலு" என்றான். ஜன்னலோரம் உட்காருகிற ஒரு சிறுமி, "நான் உடைச்சேன் சார்" என்றாள். "நாப்பதும் முப்பதும் எழுபது. ஆறும் எட்டும் பதினாலு. அப்புறம் ஒட்டிட்டேன்." இருவரும் எது சுலபம் என்று சண்டை போட்டார்கள். கணக்குக்காகப் பிள்ளைகள் சண்டை போட்டு அவர் அதுவரை பார்த்ததில்லை.

அந்தச் சிறுமியை எல்லோரும் ஜன்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். லாரி ஓட்டுநரின் மகள். அப்பாவுக்கு வேலை மாறும்போதெல்லாம் வீடும் பள்ளிக்கூடமும் மாறி, எட்டு வயதுக்குள் இது நாலாவது பள்ளிக்கூடம். கணக்கில் கெட்டிக்காரி. வாசிக்கும் நேரத்திலோ அவளை மாதிரி அடக்கமான பிள்ளை கிடையாது. புத்தகத்தை விரித்தால் நிமிர மாட்டாள். மைக் சார் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் போவார், அவள் அவ்வளவு ஆழ்ந்து வாசித்துக்கொண்டிருப்பாள், அட, வாசிக்கிற பிள்ளையைக் கெடுப்பானேன் என்று நைசாக நகர்ந்து அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அதிகாரி வர ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு நாள் வாயாடிக்குக் காய்ச்சல். கணக்கில் ஜன்னலுக்கு ஜோடி அவள்தான். அன்றைக்கு ஜன்னல் தனியாக உட்கார்ந்தாள். பலகையில் இருந்தது சின்னக் கணக்கு: ஒரு பேருந்தில் ஐம்பத்து மூன்று பேர், நிறுத்தத்தில் பதினேழு பேர் இறங்கினார்கள், ஒன்பது பேர் ஏறினார்கள். பதினைந்து நிமிஷம் கழித்து அவர் போய்ப் பார்த்தால் காகிதம் வெள்ளையாக இருந்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அவர் குரலைத் தாழ்த்திக் கணக்கை வாசித்துக் காட்டினார். வாசித்து முடிப்பதற்குள், "நாப்பத்தஞ்சு" என்றாள்.

மைக் சாருக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டைத் திறந்து அவள் பக்கத்தைத் தேடினார். மற்ற பிள்ளைகளுக்கு மூன்று பக்கம், நாலு பக்கம் எழுதியிருந்தார். சும்மா மேஜையைக் குத்திக்கொண்டிருக்கிறவன், கதவைத் திறந்து மூடி விளையாடுகிறவன், எல்லோருக்கும் குறிப்பு இருந்தது. அவள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு மாதமாக அவர் ஒரு தடவைகூட அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பக்கத்து மேஜைப் பையன் பக்கம் புரட்டும்போது அவளும் புரட்டியிருக்கிறாள். கணக்கை வாயாடி தினமும் சத்தமாக வாசித்திருக்கிறாள், இவள் காதால் கேட்டுப் போட்டிருக்கிறாள். ஓர் எட்டு வயசுக் குழந்தை இரண்டு மாதம் அவர் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறாள். தூவ இடம் கொடுத்தது யார்? ஸ்டோர் ரூம் அப்போது அவர் நினைவுக்கே வரவில்லை. தினமும் அத்தனை நேரம் அந்தப் பிள்ளை தனியாகக் கிடந்து என்ன பாடுபட்டிருக்கும் என்பதுதான் அவரை அறுத்தது.

மற்றவர்கள் பாயில் இருந்து கலைந்ததும் அவளை மூலை மேஜைக்கு அழைத்தார். எளிதான பெட்டியில் இருந்து ஒரு புத்தகம்.

"நான்தான் தப்புப் பண்ணிட்டேன்மா. உன்னைக் கேக்காம விட்டுட்டேன். இப்ப வாசி. தெரிஞ்ச வரைக்கும் போதும்."

அவளுக்கு எழுத்தெல்லாம் தெரியும். சின்னச் சொற்களும் வந்தன. மரம், படி, வந்தாள். நீளமான சொல் வந்ததும் நின்றாள். முதல் இரண்டு எழுத்தைச் சொல்லி, மீதியை யூகித்து எதையோ சொல்லி, அது பொருந்தாமல் போகவும் உதட்டைக் கடித்தாள். நாலு பள்ளிக்கூடத்தில் நாலு பாதிப் புத்தகம் படித்தவளுக்கு நடுவில் எங்கோ ஒரு படி விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

பழைய மைக் சாராக இருந்திருந்தால் அந்தச் சொல்லைத் தானே உரக்கச் சொல்லி, அவளைப் பத்துத் தடவை திருப்பிச் சொல்லவைத்து, அவளும் கிளி மாதிரி சொல்லி, இருவரும் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். இப்போதுதான் அந்த வழி அடைபட்டுவிட்டதே! அன்றைய ஒரு மணி நேரம் தீர்ந்துபோயிருந்தது. பேசாமல் உட்கார்ந்து பார்த்தார். மூன்று நாள் அப்படிப் பார்த்தார். நாலாவது நாள் 'நடந்துகொண்டிருந்தார்கள்' என்று ஒரு சொல் வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றது. அவள் அதைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார்.

"நாப்பத்தாறும் முப்பத்தெட்டும் எப்படிக் கூட்டினே?" என்று கிசுகிசுத்தார்.

"உடைச்சேன்."

அவர் சொல்லின் மேல் விரலை வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவள் சொல்லை முறைத்தாள். பிறகு அவர் விரலைத் தள்ளிவிட்டுத் தன் கையால் பாதிச் சொல்லை மூடினாள். "நடந்து." கையை நகர்த்தினாள். "கொண்டு... இருந்தார்கள்." கையை எடுத்தாள். "நடந்துகொண்டிருந்தார்கள்! சார், இதையும் உடைக்கலாமா?"

"உடைம்மா, எவ்வளவு வேணா உடை" என்றார் மைக் சார். அடுத்த நீளச் சொல்லைத் தேடிப் பக்கத்தைப் புரட்டினார்.

அன்றைக்குக் கடைசிப் பாய் நேரத்தில் ஜன்னல் முதல் முறையாகக் கை தூக்கினாள். பெரிய வார்த்தையை எப்படி உடைப்பது என்று பலகையில் எழுதிக் காட்டினாள். "இது என் கணக்கு வழி" என்று காப்புரிமை வேறு கொண்டாடினாள். அடுத்த நாள் வகுப்பே கையில் அகப்பட்ட சொல்லையெல்லாம் உடைத்துப் போட்டது. அறிவிப்புப் பலகை, மருந்துச் சீட்டு, தலைமையாசிரியையின் சுற்றறிக்கை, ஒன்றும் தப்பவில்லை. ஐந்து வாரமும் தினம் பத்து நிமிஷம் அவள் மூலை மேஜைக்கு வந்தாள். எளிது பெட்டி முடிந்தது. கொஞ்சம் கஷ்டம் பெட்டியில் பாதி முடிந்தது. ஆனால் முன்பின் பார்க்காத பக்கத்தை, தெரியாத மனிதர் எதிரில், வாசிப்பாளா? அது அவருக்கே தெரியாது.

அதிகாரி வந்தார். உயரமான, சிரிக்காத மனிதர். வகுப்புக்குள் நுழைந்ததும் மேஜைகளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், "ஆசிரியர் எங்கே?" என்று கேட்டார். மைக் சார் ஒரு பையன் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் கணக்கு. அதிகாரி ஒரு கணக்கைச் சொன்னார். ஒரு பையன் விடை சொன்னான். "சரி, உட்கார்" என்றார். அவன் உட்காரவில்லை. "எப்படி வந்துச்சுன்னு கேக்கலையே சார்?" என்றான். அதிகாரி திகைத்துப் போய், "எப்படி வந்தது?" என்று கேட்டார். அவன் காட்டினான். உடனே வாயாடி, தனக்கு வேறு வழி இருக்கிறது என்றாள். மூன்றாவதாக ஒருத்தன் எழுந்தான். பத்து நிமிஷத்தில் முடிய வேண்டிய கணக்கு அரை மணி நேரம் ஓடியது. அதிகாரியைத் தரையில் உட்காரவைத்துப் பொத்தானை எண்ண வைத்துவிட்டார்கள் படுபாவிகள்.

பிறகு வாசிப்பு. அவர் கொண்டுவந்திருந்த புதுப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொருவராக முப்பது பேர் வாசித்தார்கள். சிலர் தடுக்கினார்கள், திரும்பிப் போய்ச் சரிசெய்தார்கள், யாரும் நிற்கவில்லை. முப்பத்தோராவது ஜன்னல்.

தபால்காரர் ஒருவரின் கதை. முதல் இரண்டு வரி ஓடியது. மூன்றாவது வரி: 'தபால் பைக்குள் ஒரு பூனைக்குட்டி'. அவள் குரல் நின்றது.

மைக் சார் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அடுத்த சொல் என்னவென்று அங்கிருந்தே தெரிந்தது. வாயைத் திறந்து ஒரு எழுத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். கொடுக்கக் கூடாது. அதிகாரி பேனாவைத் திறந்தார். தலைமையாசிரியை மைக் சாரைப் பார்த்தார். வகுப்பு மூச்சு விடவில்லை, வாயாடிகூட விடவில்லை.

ஜன்னல் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. கையை எடுத்துச் சொல்லின் மேல் வைத்தாள். "ஒளிந்து." கை நகர்ந்தது. "கொண்டு." இன்னும் நகர்ந்தது. "இருந்தது." கையை எடுத்துவிட்டு, அந்த அறை அதுவரை அவளிடம் கேட்டிராத சத்தத்தில், "ஒளிந்துகொண்டிருந்தது!" என்றாள்.

அடுத்த வரி ஓடியது. அதற்கடுத்தது ஓடியது. பக்கம் முடிந்தது.

"போதும்மா. ரொம்ப நல்லா வாசிச்சே" என்று அதிகாரி கை நீட்டினார்.

அவள் புத்தகத்தைக் கொடுக்கவில்லை.

"பூனைக்குட்டியைத் தபால்காரர் இன்னும் பாக்கவே இல்லையே சார்" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தைப் புரட்டினாள்.

அதிகாரி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, சின்ன நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் வாசித்தாள். இரண்டு இடத்தில் உடைத்தாள், ஓரிடத்தில் தப்பாக உடைத்துவிட்டு, "இல்ல இல்ல" என்று தானே திருத்திக்கொண்டாள். தபால்காரர் பையைத் தூக்கிப் பார்த்து, இன்றைக்குக் கடிதம் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று கேட்ட இடத்தில் முப்பது பிள்ளைகளும் சிரித்தன, அதிகாரியும் சிரித்துவிட்டார். எட்டுப் பக்கம். கடைசி வரியை வாசித்துப் புத்தகத்தை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது வகுப்பு கிளப்பிய கூச்சலில், பக்கத்து 'அ' பிரிவு ஆசிரியை என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்.

ஜெயித்துவிட்டாள் என் தங்கம் என்று கத்த வேண்டும் போல இருந்தது மைக் சாருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், கண்ணில் இருந்து வந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

அதிகாரி தாளில் எதையோ எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்தார். அந்த அம்மாள் படித்தார், இன்னொரு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பத்தோரு பேரும் வாசிக்கிறாங்க. திங்கக்கிழமையிலிருந்து மத்தப் பிரிவு ஆசிரியர்கள் எல்லாரும் உங்க வகுப்புல வந்து உக்காந்து பாக்கணுமாம்" என்றார். "ஸ்டோருக்கு நான் வேற ஆளைத் தேடிக்கிறேன் சார்."

மைக் சார் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பரவாயில்லை, அதைக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. முப்பது பிள்ளைகளும் ஜன்னலைச் சுற்றி நின்று அந்தப் புத்தகம் அடுத்தது யாருக்கு என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.